எந்த ஓவன் இல்லாமல்?

ஒரு காட்டில், அதுவும் செல்போன் கோபுரம் கண்ணுக்குத் தெரிகிற தூரத்தில் இருந்த ஒரு காட்டில், ஒரு நாய் வேலை பார்த்து வந்தது. காட்டில் நாய்க்கு என்ன வேலை என்று கேட்பீர்கள். சோதனைச் சாவடி வேலை. ஓடையைத் தாண்டிக் காட்டுக்குள் நுழையும் பாதையில் யாரோ எப்போதோ கட்டிக் கைவிட்ட ஒரு கம்பிக் கூண்டு அறை இருந்தது. அதற்குள் உட்கார்ந்துகொண்டு, சிறுத்தை வாடை அடித்தால் குரைக்க வேண்டும். அவ்வளவுதான் வேலை.

நாயைக் கண்டால் சிறுத்தை பயப்படும் என்று நான் சொல்ல வரவில்லை. நாய் என்றால் சிறுத்தைக்கு உயிர். ஆனால் குரைப்புச் சத்தம் கேட்டால் மான் ஓடிவிடும், முயல் வளைக்குள் போய்விடும், குரங்கு மரத்து மேலிருந்து கெட்ட வார்த்தை பேசும். அதற்கப்புறம் வேட்டையாவது ஒன்றாவது. சிறுத்தை கௌரவமாகத் திரும்பிப் போய்ப் படுத்துக்கொள்ள வேண்டியதுதான்.

அந்த நாய்க்கு ஊரில் இருந்தபோது டைகர் என்று பெயர். அந்த வீட்டுப் பிள்ளைகள் பிஸ்கட்டைத் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்து "டைகர், பேசு!" என்பார்கள். டைகர் ஒரு குரை குரைக்கும். பிஸ்கட் கிடைக்கும். பிறகு அவர்கள் நகரத்துக்குக் குடிபோனார்கள். புது வீட்டில் நாய் வளர்க்க அனுமதி இல்லையாம். டைகர் நடந்தே காட்டுக்கு வந்து வேலை கேட்டது. காட்டில் அந்தப் பெயரில் ஏற்கெனவே ஒருவர் இருந்தார். அவர் ஆட்சேபித்தார். அவர் ஆட்சேபித்தால் யாரும் எதிர்த்துப் பேசுவதில்லை. ஆகவே பதிவேட்டில் 'வெள்ளைச்சாமி' என்று எழுதிக்கொண்டார்கள். நாய் செவலை நிறம். அதைப் பற்றி அலுவலகம் கவலைப்படவில்லை, நாமும் கவலைப்பட வேண்டாம். உத்தியோகத்தில் சேர்ந்துவிட்டதால் இனி அவரை மரியாதையோடு 'அவர்' என்றே சொல்வோம்.

சாவடிக்குப் பின்னால் பாறை இடுக்கில் அம்சவேணி என்ற முள்ளம்பன்றி குடியிருந்தாள். அவளுக்குப் புதிதாகப் பிறந்த இரண்டு குட்டிகள். குட்டிகளுக்கு முள் இன்னும் நீளவில்லை, கெட்டிப்படவும் இல்லை. சிறுத்தைக்கு அந்த வயதுக் குட்டி என்றால் உரித்த வாழைப்பழம். அதனால்தான் அவள் நல்ல கிழங்கு கிடைக்கும் இடத்தையெல்லாம் விட்டுவிட்டு, வெள்ளைச்சாமியின் குரைப்புக்குப் பக்கத்தில் வீடு பிடித்திருந்தாள்.

ஆறு வருஷம் எல்லாம் நன்றாகத்தான் போனது. கெடுத்தவர்கள் சுற்றுலா வந்தவர்கள். அவர்கள் நல்லவர்கள், அதுதான் தொல்லை. வருகிறவர்கள் எல்லாம் "ஐயோ பாவம், நாய்" என்று கூண்டுக்குள் எதையாவது போட்டார்கள். கிரீம் பிஸ்கட், காரச் சிப்ஸ், உப்பு முறுக்கு, மசாலாக் கடலை. போட்டதைத் தின்னாமல் விடுவது மரியாதை இல்லை என்று வெள்ளைச்சாமி எல்லாவற்றையும் தின்றார். வயிறு தரையைத் தொட்டது. முடி கொட்டியது. நாளெல்லாம் சொறிந்துகொண்டே இருந்தார்.

ஒரு சாயங்காலம் சிறுத்தை ஓடைக்கு அக்கரையில் வந்து நின்றது. வெள்ளைச்சாமி எழுந்து, காலை ஊன்றி, வாயைத் திறந்தார். குரைப்புக்குப் பதிலாக ஏப்பம் வந்தது.

சிறுத்தை தலையைச் சாய்த்துக் கேட்டது. ஒரு காலைத் தண்ணீரில் வைத்தது. நல்லவேளையாக அந்த நேரத்தில் தொலைவில் ஒரு லாரிக்காரர் ஹாரனை அடித்தார். சிறுத்தை காலை உதறிவிட்டுப் போய்விட்டது. குட்டிகளை வயிற்றுக்கு அடியில் அணைத்துக்கொண்டிருந்த அம்சவேணி விடியும்வரை அவற்றை வெளியே விடவில்லை.

மறுநாள் காலை வெள்ளைச்சாமி ஒரு காகிதத்தைக் கவ்விக்கொண்டு அவள் வாசலுக்கு வந்தார்.

"அம்மிணி, ஓலை வந்திருக்குது. என்னன்னு படிச்சுச் சொல்லு."

அம்சவேணி படித்தாள். "வர்ற பௌர்ணமி காலைல உங்களுக்குக் குரைப்புத் தேர்வாமுங்ணா. அதுல தேறலைன்னா உங்களை நிறுத்திப்போட்டு, சூரிய சக்தியில் இயங்கும் தானியங்கிக் குரைப்பான் ஒண்ணு வைக்கறாங்களாம்."

"அது நல்லாக் குரைக்குமா?"

"சூரிய சக்தின்னா சாயங்காலம் என்ன பண்ணும்? சிறுத்தை வர்றதே சாயங்காலந்தானுங்களே?"

"சூரியனுக்கு நேர நீட்டிப்புக் கேட்டு எழுதியிருக்காங்கன்னு பேசிக்கறாங்க" என்றார் வெள்ளைச்சாமி. பிறகு தரையில் படுத்து முகத்தை முன்னங்கால்களின் மேல் வைத்துக்கொண்டார். "எனக்குக் குரைக்கறதை விட்டா வேற ஒண்ணும் தெரியாது அம்மிணி. ஒரு தடவை வீட்டை விட்டு வந்தாச்சு. இன்னொரு தடவை எங்க போவேன்?"

அம்சவேணி முள்ளை ஒடுக்கிக்கொண்டு அவர் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள். அவருக்கு வேலை போனால் தன் குட்டிகளுக்கு உயிர் போகும் என்பதும் அவளுக்குத் தெரியும். பரிவு, சுயநலம் இரண்டும் சேர்ந்தால் ஒரு பிராணி எவ்வளவு சுறுசுறுப்பாகும் என்பதை இனிமேல் பார்க்கப்போகிறீர்கள்.

காட்டோரத்தில் ஒரு தோட்டத்து வீடு இருந்தது. அம்சவேணி கிழங்கு தோண்டப் போகும் வீடு. அந்த வீட்டம்மா சமையலறையில் செல்போனைச் சத்தமாக வைத்துக்கொண்டுதான் வெங்காயமே உரிப்பார். அன்றைக்கு ஜன்னலுக்குக் கீழே அம்சவேணி கிழங்கைக் கடிக்கும்போது செல்போன் சொன்னது: "வணக்கம் நண்பர்களே! இன்னைக்கு ஓவனே இல்லாம நம்ம செல்ல நாய்க்கு ஆரோக்கியமான தின்பண்டம் செய்யறது எப்படின்னு பாக்கப் போறோம்."

முதல் பத்து நிமிஷம் செல்போனில் பேசிய பெண் தன் நாயின் பிறந்தநாளைப் பற்றியே பேசினாள். அம்சவேணி பொறுமையாக இன்னும் இரண்டு கிழங்கு தின்றாள். பதினோராவது நிமிஷத்தில் விஷயம் வந்தது.

அம்சவேணி வீட்டுக்கு வந்து வேலையைத் தொடங்கினாள். யாரோ ஒரு குடும்பம் சுற்றுலாவுக்கு இட்லிப் பானையோடு வந்து, அதை மறந்துவிட்டுப் போயிருந்தது. சர்க்கரைவள்ளிக் கிழங்கையும் அரசாணிக்காய் என்கிற மஞ்சள் பூசணித் துண்டுகளையும் அதில் வேகவைத்தாள். வெந்ததா என்று பார்க்க முதுகிலிருந்து ஒரு முள்ளைப் பிடுங்கிக் குத்தினாள். இந்த ஒரு விஷயத்தில் அவள் சமையலறைக்கு ஈடு கிடையாது. தோலை உரித்து மசித்தாள். ராகி மாவு போட்டாள். ஒரு சொட்டுத் தேங்காய் எண்ணெய் விட்டாள். முட்டைக்குக் காட்டுக்கோழி மரிக்கொழுந்திடம் போனாள். ஒரு சொகுசு விடுதிக்காரர்கள் கொட்டிவைத்த குப்பைமேட்டில், கண்ணாடிக் கதவு போட்ட ஓர் இரும்புப் பெட்டிக்குள் மரிக்கொழுந்து கூடு கட்டியிருந்தாள். அடைக்கு வைத்ததைத் தொடாதே என்று எச்சரித்துவிட்டு, அன்றைக்கு இட்ட ஒரு முட்டையைக் கொடுத்தாள்.

உப்பு இல்லை. சர்க்கரை இல்லை. வெங்காயம், பூண்டு, திராட்சை, சாக்லேட் எதுவும் நாய்க்கு ஆகாது என்று செல்போன் மூன்று தடவை சொல்லியிருந்தது. மாவை உருட்டி, தட்டி, தேக்கிலையில் வைத்து ஆவியில் வேகவைத்தாள். பிறகு வெயில் காய்ந்த பாறையில் இரண்டு நாள் உலர்த்தினாள். எறும்பை விரட்டியது குட்டிகள். கடித்தால் 'நறுக்' என்றது, மென்றால் இனித்தது.

தேக்கிலையில் பத்து வில்லைகளை வைத்து வெள்ளைச்சாமியின் முன்னால் நீட்டினாள். வெள்ளைச்சாமி மோந்து பார்த்தார். வாயின் இரு பக்கமும் எச்சில் நூலாக இறங்கியது. வால் தன்பாட்டுக்கு ஆடியது.

"சான்றிதழ் இருக்குதா அம்மிணி?"

"என்னதுங்ணா?"

"பணியில் இருக்கறவங்க சான்றிதழ் இல்லாத உணவைத் தொடப்படாது. விதி நாப்பத்திரண்டு."

அம்சவேணிக்குக் கோபம் வந்து முள்ளெல்லாம் சிலிர்த்தது. "சுற்றுலாக்காரங்க போட்ட முறுக்குக்குச் சான்றிதழ் இருந்துதுங்களா?"

"அது பாக்கெட்டுல வந்துது. பின்னாடி என்னமோ பொடி எழுத்துல எழுதியிருந்துது. எனக்குப் படிக்கத் தெரியாது. ஆனா எழுதியிருந்துது பாரு."

நேர்மையான பிராணியோடு பழகுவதில் இது ஒரு தொல்லை. அவர் எச்சிலை விழுங்கிக்கொண்டே அந்த இலையைத் திருப்பித் தள்ளினார். அம்சவேணி அலுவலகத்துக்குப் புறப்பட்டாள்.

அலுவலகம் ஒரு பாறைக் குகையில் இருந்தது. பெயருக்கு அரசர் சிங்கம். இந்தப் பக்கத்துக் காடுகளில் சிங்கமே கிடையாது என்று படித்தவர்கள் சொல்வார்கள். இப்படிப்பட்ட கதைக்கு ஒன்று தேவை என்பதால் வைத்திருக்கிறோம். அவர் எப்போதும் சுற்றுப்பயணத்தில் இருப்பார். வேலையெல்லாம் பார்ப்பது எழுத்தர் ஓணான். எது கேட்டாலும் ஓணான் தலையை ஆட்டுவார். முதல் தடவை வருகிறவர்கள் காரியம் முடிந்தது என்று சந்தோஷமாக வீட்டுக்குப் போய்விடுவார்கள். நான்காம் தடவைதான் அது அவர் கழுத்தின் சுபாவம் என்று புரியும்.

வரிசை நீளமாக இருந்தது. அம்சவேணிக்கு முன்னால் தோல் உரித்த பாம்பு ஒன்று, புகைப்படத்தோடு முகம் பொருந்தவில்லை என்று மூன்றாவது முறையாக வந்திருந்தது. அவளுக்குப் பின்னால் நின்றவர் மட்டும் நாலடி தள்ளியே நின்றார். வெயில் உச்சிக்கு ஏறியபோது அவள் முறை வந்தது.

"நாய்த் தின்பண்டத்துக்குச் சான்றிதழ் வேணும் சார்."

ஓணான் தலையை ஆட்டினார். ஒரு படிவத்தை நீட்டினார். அம்சவேணி முதுகிலிருந்து ஒரு முள்ளைப் பிடுங்கி, நாவல் பழச் சாற்றில் தோய்த்து எழுதத் தொடங்கினாள். பெயர். வளை எண். உறுதிமொழி. அப்புறம் ஒரு கட்டம்: 'ஓவனின் வரிசை எண்.'

"ஓவன் இல்லீங்க சார்" என்றாள்.

"எழுதுங்க."

"இல்லைன்னு எழுதட்டுங்களா?"

"இல்லைன்னு எழுதினா கட்டம் காலியா இருக்குன்னு அர்த்தம். காலியா இருந்தா வாங்கமாட்டோம்."

"ஓவனே வேண்டாத பண்டமுங்க சார். ஆவியில வேகவச்சு வெயில்ல காயவைக்கறது."

ஓணானின் முகம் மலர்ந்தது. "அதை முதல்லயே சொல்லியிருக்கலாமே! ஓவன் இல்லாமல் செய்யறதுக்குத் தனிப் படிவமே இருக்கு." இன்னொரு காகிதத்தை எடுத்துக் கொடுத்தார்.

அம்சவேணி நிம்மதியாக வாங்கிப் படித்தாள். முதல் கேள்வி: 'எந்த ஓவன் இல்லாமல் தயாரிக்கிறீர்கள்? வரிசை எண்ணுடன் குறிப்பிடுக.'

அவள் இரண்டு தடவை படித்தாள். இரண்டாவது தடவையும் அதுவே எழுதியிருந்தது.

"சார், ஓவன் இல்லாதப்ப எந்த ஓவன்னு எப்படிங்க சொல்றது?"

"நீங்க பாட்டுக்குப் பொதுவா 'ஓவன் இல்லாமல்'னு சொன்னா எப்படி? நாளைக்கு ஒரு ஆய்வு வந்தா, இல்லாத ஓவன் எதுன்னு நாங்க காட்ட வேண்டாமா? ஓவனை ஆய்வாளர் வந்து பாப்பார். அது சும்மா இருக்கான்னு சோதிப்பார். அப்புறம் சான்றிதழ்."

"அப்ப ஓவன் இல்லாம செய்யறதுக்கு ஒரு ஓவன் வேணுங்க."

ஓணான் தலையை ஆட்டினார். அன்றைக்கு அவர் உண்மையிலேயே 'ஆமாம்' என்று சொன்னது அது ஒன்றுக்குத்தான்.

இந்த இடத்தில் பொறுமைசாலியான பிராணியாக இருந்தால் அழுதிருக்கும். அம்சவேணி அழவில்லை, வழியெல்லாம் திட்டிக்கொண்டே வந்தாள். இன்னும் பதினாறு நாளில் பௌர்ணமி. குப்பைமேட்டுப் பக்கம் வந்தபோது, கண்ணாடிக் கதவுக்குள்ளிருந்து மரிக்கொழுந்து எட்டிப் பார்த்தாள்.

"என்னக்கா, முட்டை நல்லா இருந்துதா?"

அம்சவேணி கிட்டப் போனாள். பெட்டியையே பார்த்தாள். கண்ணாடிக் கதவு. உள்ளே கம்பித் தட்டு. பக்கத்தில் மூன்று திருகு. பின்பக்கம் போய்ப் பார்த்தாள். துருப்பிடித்த தகட்டில் எண் இருந்தது.

"மரிக்கொழுந்து, நீ குடியிருக்கறது என்னன்னு தெரியுமா உனக்கு?"

"வீடு" என்றாள் மரிக்கொழுந்து.

"கொஞ்ச நாளைக்கு இது ஓவன். எங்க வீட்டுக்குப் பக்கத்துல வந்து இரு."

அடைகாக்கிறவளை இறக்க முடியாது. இரண்டு காட்டுப்பன்றிகள் மூக்கால் தள்ள, மரிக்கொழுந்து உள்ளே உட்கார்ந்தபடி, மேடு பள்ளம் வரும்போதெல்லாம் கத்திக்கொண்டே ஊர்வலம் போனாள். படிவத்தில் எண் ஏறியது. நாலாம் நாள் உணவுத் தர ஆய்வாளர் மயில் வந்தார். தோகை நுழையாததால் சமையலறைக்குள் வரவில்லை. வாசலில் நின்று தலையை மட்டும் உள்ளே நீட்டினார். இட்லிப் பானையை அவர் பார்க்கவே இல்லை. வில்லைகளை மோந்துகூடப் பார்க்கவில்லை. வெளியே இருந்த ஓவனிடம் நேராகப் போனார்.

"பயன்படுத்தறதே இல்லையா?"

"சத்தியமா இல்லீங்க."

மயில் கதவில் கன்னத்தை வைத்துப் பார்த்தார். கண்கள் விரிந்தன. "சூடா இருக்கே! உள்ளே என்னவோ வேகுதே!"

கதவு திறந்தது. "நாந்தானுங்க" என்றாள் மரிக்கொழுந்து. "அடைகாக்கறேன். கதவைச் சாத்துங்க, காத்து வருது."

மயில் வெகுநேரம் யோசித்தார். யோசிக்கும்போது தோகை தானாக விரிந்தது, அழகாகத்தான் இருந்தது. கடைசியில் எழுதினார்: 'ஓவன் உள்ளது. ஓவன் இயங்கவில்லை. கோழி உள்ளது. கோழி இயங்குகிறது. தின்பண்டம் மேற்படி ஓவன் இல்லாமலேயே தயாரிக்கப்படுவதாகச் சான்றளிக்கப்படுகிறது.'

அந்தக் காகிதத்தை அம்சவேணி இலைக்குப் பக்கத்தில் வைத்தாள். வெள்ளைச்சாமி அதைத் தலைகீழாகப் பிடித்து மரியாதையோடு பார்த்தார். பிறகு முதல் வில்லையைத் தின்றார். கண்ணை மூடிக்கொண்டு, நிதானமாக, ஒரு பொடி கீழே விழாமல் தின்றார். "இத்தனை நாள் இது எங்க இருந்துது அம்மிணி?" என்று கேட்டார். அம்சவேணிக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தன.

காலையில் இரண்டு, மாலையில் இரண்டு. நடுவில் முறுக்கு கிடையாது. சுற்றுலாக்காரர்கள் போட்டதை முறுக்கின்மேல் பிரியமுள்ள காட்டுப்பன்றிகள் பார்த்துக்கொண்டன. ஒரு வாரத்தில் சொறிவது குறைந்தது. பத்தாம் நாள் வயிறு தரையை விட்டு எழுந்தது. பதினோராம் நாள் காலை ஒரு குரைப்பு வந்தது. அந்தச் சத்தத்தில் மரிக்கொழுந்தின் முதல் முட்டை பொரிந்தது. அது நாள் நிறைந்ததால்தான் பொரிந்தது, ஆனால் வெள்ளைச்சாமியிடம் யாரும் அப்படிச் சொல்லவில்லை.

பௌர்ணமி காலையில் எல்லோரும் சாவடி முன்னால் கூடினார்கள். வெள்ளைச்சாமி காலை ஊன்றிக் குரைத்தார். ஓணான் பாறையிலிருந்து கீழே விழுந்தார். மயிலின் தோகை விரிந்துவிட்டது. இடி இடித்து மழை வருகிறதென்று நினைத்துவிட்டார். குட்டிகள் இரண்டும் கைகொட்டின.

ஓணான் தூசியைத் தட்டிக்கொண்டு எழுந்தார். "பிரமாதம். முழு மதிப்பெண். ஆனா குரைப்பான் போன வாரமே வந்துடுச்சு. திறப்புவிழாக் கல்வெட்டுகூட அடிச்சாச்சு. தேர்வு வந்து ஒரு முறைக்காக வச்சது."

வெள்ளைச்சாமியின் வால் நின்றது. அம்சவேணி தன் குட்டிகளைப் பார்த்தாள், பளபளவென்று பக்கத்தில் நின்ற குரைப்பானைப் பார்த்தாள், ஓணானின் ஆடும் தலையைப் பார்த்தாள். அவள் மூளையில் ஏதோ ஒரு முள் நிமிர்ந்தது.

"சார், நாய் இல்லாமல் காவல் காக்கறதுக்குத் தனிப் படிவம் இருக்குமுங்களே?"

"இருக்கே" என்றார் ஓணான்.

"முதல் கேள்வி என்னங்க சார்?"

ஓணான் காகிதத்தை எடுத்தார். வாசித்தார். வாசிக்க வாசிக்கக் குரல் இறங்கியது. "எந்த நாய் இல்லாமல் காவல் காக்கப்படுகிறது? பெயர், நிறம், எடை குறிப்பிடுக. மேற்படி நாயை எந்நேரமும் ஆய்வுக்குத் தயாராகக் கருவியின் அருகிலேயே, நல்ல உடல்நலத்துடன் வைத்திருக்க வேண்டும்."

"எந்த நாயை எழுதப் போறீங்க சார்?"

ஓணான் சுற்றிப் பார்த்தார். அந்தக் காட்டில் இருந்தது ஒரே ஒரு நாய்தான். பெயர் வெள்ளைச்சாமி, நிறம் செவலை என்று எழுதி, அவரைப் 'பயன்படுத்தப்படாத நாய்' பதவியில் நிரந்தரமாக நியமித்தார். பழைய கூண்டு, பழைய பாய், தினம் நாலு வில்லை. எல்லோரும் ஆரவாரம் செய்தார்கள்.

அன்று பகல் முழுக்கக் குரைப்பான் குரைத்தது. வண்ணத்துப்பூச்சிக்குக் குரைத்தது, ஆய்வாளர் மயிலுக்கும் குரைத்தது. சூரியன் மலைக்குப் பின்னால் இறங்கியதும் 'கிர்' என்று ஒரு சத்தம் போட்டுவிட்டு அடங்கியது.

சிறுத்தை ஓடையைத் தாண்டி வந்தது. குரைப்பானை மோந்தது. அதன்மேல் முதுகைத் தேய்த்துக்கொண்டது. பிறகு பாறை இடுக்கைப் பார்த்து மெல்ல நடந்தது.

"அண்ணா! குரைங்ணா!" என்றாள் அம்சவேணி.

கூண்டுக்குள் வெள்ளைச்சாமி நடுங்கிக்கொண்டிருந்தார். "நான் பயன்படுத்தப்படாத நாய் அம்மிணி. எனக்கு உத்தரவே குரைக்காம இருக்கறதுக்குத்தான். விதி..."

சிறுத்தை இன்னும் பத்தடி தூரத்தில் இருந்தது. குட்டிகள் அம்சவேணியின் வயிற்றுக்கடியில் நுழைந்தன. அவள் கை தானாக இலையைத் துழாவியது. ஒரு வில்லை அகப்பட்டது. அதைத் தலைக்கு மேலே உயர்த்திப் பிடித்தாள். பழைய வீட்டுக் கதையை அவர் அவளிடம் எத்தனையோ சாயங்காலம் சொல்லியிருந்தார்.

"டைகர், பேசு!"

ஆறு வருஷத்தில் யாரும் அவருக்கு அந்த உத்தரவைக் கொடுத்ததில்லை. வெள்ளைச்சாமி பேசினார். காடு முழுக்க எழுந்துகொண்டது. மான் ஓடியது, குரங்கு திட்டியது, காட்டுப்பன்றிகள் முறுக்கை விட்டுவிட்டு ஓடின, ஓவனுக்குள் எட்டுக் குஞ்சுகள் ஒரே குரலில் கத்தின. சிறுத்தை வந்த வழியே, வந்ததைவிட வேகமாகத் திரும்பிப் போனது. அம்சவேணி வில்லையைக் கூண்டுக்குள் போட்டாள். அது தரையைத் தொடவே இல்லை.

மறுநாள் பதிவேட்டில் ஓணான் எழுதினார்: 'நேற்று மாலை குரைப்பான் சிறப்பாகச் செயல்பட்டது. ஆகவே மேலும் மூன்று குரைப்பான்கள் வாங்கவும், அவை ஒவ்வொன்றுக்கும் பயன்படுத்தப்படாத நாய் ஒன்று தேடவும் ஆணையிடப்படுகிறது.' புலியிடமிருந்து, தன் பெயரை யாரோ உரக்கக் கூப்பிட்டதாக ஓர் ஆட்சேபக் கடிதம் வந்திருந்தது. அதையும் பார்த்து அவர் தலையை ஆட்டினார்.

அம்சவேணி இப்போது நாலு நாய்க்கு வில்லை தட்டுகிறாள். ஓவனில் மரிக்கொழுந்து அடுத்த அடைக்கு உட்கார்ந்திருக்கிறாள். சான்றிதழ் ஆண்டுதோறும் புதுப்பிக்கப்படுகிறது.

நீதி: எதை வேண்டாம் என்று முடிவு செய்தாலும், அதில் ஒன்றை முதலில் வாங்கி வைத்துக்கொள்ளவும்.